டாப்ளர் சோதனைக்கான திசுப்போலிப் பொருட்கள்

அல்ட்ராசவுண்ட் அலை மனித உடலுக்குள் எப்படிப் பயணிக்கிறதோ அப்படியே தனக்குள்ளும் பயணிக்குமாறு ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் பொருட்கள் திசுப்போலிப் பொருட்கள் எனப்படும். இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவிகளைச் சோதிக்கும் மாதிரியுருக்கள் இவற்றைக் கொண்டே செய்யப்படுகின்றன. இத்தகைய மாதிரியுரு ‘ஓட்ட ஃபேண்டம்’ எனப்படும். திசுவுக்கு ஈடான கூழ்மம், இரத்தக் குழாய்க்கு ஈடான வழி, இரத்தத்துக்கு ஈடான திரவம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஓட்ட ஃபேண்டம்.

தேவை

டாப்ளர் கருவி இரத்தத்தின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து அதைக் கணக்கிடுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கற்றை, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தத்தை 60 பாகைக் கோணத்தில் சந்தித்தால் அந்த மாற்றம் ஏறத்தாழ 3,250 ஹெர்ட்ஸ். திசுவில் ஒலிவேகம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. கோணத்தைப் பரிசோதிப்பவர் திரையில் குறிக்கிறார். 60 பாகையில் வெறும் 5 பாகை பிசகினாலே வேகக் கணக்கு சுமார் 15 சதவீதம் தவறிவிடும்.

இந்தத் தவறு நோயாளியைப் பாதிக்கக்கூடியது. கழுத்துத் தமனி அடைப்புக்காக அமெரிக்காவில் 2003-இல் வெளியான வல்லுநர் பரிந்துரைப்படி, உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ. முதல் 230 செ.மீ. வரை இருந்தால் அடைப்பு 50–69 சதவீதம். அதற்கு மேல் போனால் 70 சதவீதமோ அதிகமோ. எல்லைக்கு அருகில் உள்ள நோயாளியை 15 சதவீதப் பிழை ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்குத் தள்ளிவிடும். உடலுக்குள் ஓடும் இரத்தத்தின் உண்மையான வேகம் பரிசோதகருக்கு முன்கூட்டியே தெரியாது. விடை தெரிந்த ஓர் ஓட்டத்தைக் கருவிக்குக் காட்டிச் சரிபார்ப்பதற்கே ஃபேண்டம்.

கூழ்மம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் மேட்சன், ஜேம்ஸ் சாக்செப்ஸ்கி குழுவினர் 1978-இல் ஜெலட்டினில் கிராஃபைட் தூள் கலந்த திசுப்போலியை வெளியிட்டனர். பின்னர் அகார் பரவலானது. நம் வீடுகளில் கடல்பாசி இனிப்பு செய்யும் அதே அகார்தான்.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஐ.இ.சி. 61685 தரநிலை, கூழ்மத்தின் ஒலிவேகம் விநாடிக்கு 1540 மீட்டர் அளவிலும், ஒலி மெலிவு ஒரு மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு செ.மீ. ஒன்றுக்கு 0.5 டெசிபல் அளவிலும் இருக்க வேண்டும் என்கிறது. இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் கலவையில் எடையளவில் நீர் ஏறத்தாழ 83 சதவீதம், கிளிசரால் 11 சதவீதம், அகார் 3 சதவீதம். நீரில் குறைவாக இருக்கும் ஒலிவேகத்தைக் கிளிசரால் உயர்த்துகிறது. நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு துகள்கள் ஒலியைச் சிதறடித்தும் மெலியச் செய்தும் திசுவின் சாயலைத் தருகின்றன. சிறிதளவு பென்சால்கோனியம் குளோரைடு கிருமி வளராமல் காக்கிறது.

தயாரிப்பில் பொறுமை வேண்டும். அகார் முழுதும் கரையக் கலவையை 90 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, விடாமல் கிளறியபடியே 42 பாகை அளவுக்கு ஆறவிட்டு அச்சில் ஊற்றுவார்கள். கிளறலை முன்பே நிறுத்தினால் கனமான துகள்கள் அடியில் தங்கிவிடும். காற்றுக் குமிழ் சிக்கினால் அது பளிச்சென்று எதிரொலித்து, தன் பின்னால் நிழலை விழச்செய்யும்.

இரத்தப்போலித் திரவம்

கே. வி. ராம்நரைனும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் சரிபார்த்து வெளியிட்ட திரவம் இன்றும் வழக்கில் உள்ளது. நீர், கிளிசரால், டெக்ஸ்ட்ரான் ஆகியவற்றோடு பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சேர்த்து, 5 மைக்ரோமீட்டர் நைலான் துகள்கள் கலக்கப்படுகின்றன. துகள்கள் சிவப்பணுக்களைப் போல் ஒலியைச் சிதறடிக்கின்றன. டெக்ஸ்ட்ரான் பாகுத்தன்மையைக் கூட்டுகிறது. தரநிலை கேட்கும் பாகுத்தன்மை 4 மில்லிபாஸ்கல்-விநாடி. குமிழ்களை அகற்றிய பிறகே திரவத்தைச் செலுத்த வேண்டும்.

குழாய்ச் சுவர்

மூன்றில் இதுவே கடினமான பகுதி. சிலிக்கோன் குழாய் எளிதில் கிடைக்கும். ஆனால் அதில் ஒலிவேகம் விநாடிக்கு 1000 மீட்டர் அளவே. ஒலிக்கற்றை சுவரில் வளைந்து, வேக நிறமாலையின் வடிவமே திரிந்துவிடும். சி-ஃப்ளெக்ஸ் குழாயின் ஒலிவேகம் திசுவை நெருங்கினாலும் மெலிவு மிக அதிகம். பாலிவினைல் ஆல்கஹாலை உறையவைத்து உருக்கும் சுற்றுகளால் தமனிபோல் நெகிழும் சுவரைச் செய்யலாம். சுவரே இல்லாத வகையும் உண்டு. தண்டு ஒன்றைச் சுற்றிக் கூழ்மத்தை உறையவிட்டு, பின் தண்டை உருவிவிட்டால் வழி கிடைக்கும். அதிக அழுத்தத்தில் அகார் கிழியக்கூடும் என்பதால் அங்கு கோன்யாக்கும் காராஜீனனும் கலந்த உறுதியான கூழ்மம் பயன்படுகிறது.

சோதனை முறை

நம்பகமான ஒப்பீடு எளிய கருவிகளாலேயே அமைகிறது: வெளியேறும் திரவத்தை அளவுச்சாடியில் பிடித்து, நிறுத்தற்கடிகாரத்தால் நேரம் பார்ப்பது. 8 மி.மீ. விட்டமுள்ள வழியில் நிமிடத்துக்கு 300 மி.லி. ஓடினால் சராசரி வேகம் விநாடிக்கு 10 செ.மீ. இருக்க வேண்டும். வழி நேராகவும் போதிய நீளமாகவும் இருந்தால் மையத்தில் அது இரட்டிப்பாகி 20 செ.மீ. ஆகும். திரையில் தெரியும் எண் இதனுடன் ஒத்துப்போக வேண்டும். விட்டத்தை அரை மி.மீ. கூடுதலாக அளந்துவிட்டாலே ஓட்ட அளவு 13 சதவீதம் மிகைப்படும். ஆகவே வேகம், விட்டம், கோணம் மூன்றையும் தனித்தனியே சோதிப்பது முறை.

வரம்புகள்

அகார் கூழ்மம் உலர்ந்தால் அதன் ஒலிப் பண்புகள் மாறிவிடும்; கிளிசரால் கலந்த நீரால் மூடி வைக்க வேண்டும். ஒலிவேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதால் அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். யூரித்தேன் ரப்பர் ஃபேண்டம் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் ஒலிவேகம் 1460 மீட்டர் அளவே என்பதால் ஓட்ட அளவீட்டில் திருத்தம் தேவைப்படும். எந்தப் பொருளும் திசுவின் எல்லாப் பண்புகளையும் ஒருங்கே கொண்டிருப்பதில்லை. எதைச் சோதிக்கிறோமோ அதற்குரிய பண்பு பொருந்துகிறதா என்று பார்த்தே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்த ஒரே ஃபேண்டத்தில், ஒரே அமைப்புகளுடன், குறித்த இடைவெளியில் சோதனையைத் திரும்பச் செய்து பதிவேட்டில் ஏற்றிவந்தால், கருவியின் அளவீடு மெல்ல விலகுவதை நோயாளிகளின் முடிவுகளைப் பாதிக்கும் முன்பே கண்டறிந்து சரிசெய்யலாம்.