நியாஸ் தீவின் அலைகள்: பயணத்திற்கு முன் படிக்க வேண்டிய வரலாறு



படிப்பை முடித்துவிட்டு நண்பர்களுடன் இந்தோனேசியத் தீவுகளுக்கு அலைச்சறுக்குக்குச் செல்லும் இளையோர் நம்மிடையே இருக்கின்றனர். அலையின் உயரம், காற்றின் திசை, விமானக் கட்டணம், பலகையின் வாடகை ஆகிய அனைத்தையும் கைப்பேசியிலேயே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். பெற்றோரிடம் அனுமதியும் கொஞ்சம் பணமும் கேட்பார்கள். "பத்திரமாகப் போய் வா" என்பதற்கு மேல் நமக்கு என்ன கேட்பதென்று தெரிவதில்லை. "அந்தக் கரையில் வாழும் மக்கள் யார்? அவர்களுக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள உறவு எத்தகையது?" என்று கேட்கலாம் என்பது என் கருத்து. இது வெறும் பொது அறிவுக்கான வினா அன்று. உயிரைக் காக்கும் வினாவும் ஆகும். இதனை நமக்கு மிக அருகிலுள்ள நியாஸ் தீவின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

தீவும் அதன் மக்களும்

சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் கிடக்கிறது நியாஸ். பரப்பளவு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். எட்டு இலட்சத்திற்கும் அதிகமான மக்கள் வாழ்கின்றனர். தங்கள் மண்ணை அவர்கள் 'தானோ நிஹா' என்கின்றனர். மனிதரின் நிலம் என்பது அதன் பொருள். தங்களை 'ஓனோ நிஹா', அதாவது மனிதரின் மக்கள், என்று அழைத்துக்கொள்கின்றனர். விருந்தினருக்கு வெற்றிலை பாக்கு வழங்கி வரவேற்பது அவர்களது மரபு. தாம்பூலம் அறிந்த நமக்கு இதன் பெருமையை விளக்கத் தேவையில்லை.

இத்தீவு உலகம் அறியாத மூலையாக ஒருநாளும் இருந்ததில்லை. 9ஆம் நூற்றாண்டின் அரபுப் பயணக் குறிப்புகளிலேயே இதன் பெயர் வருகிறது. எதிரே சுமத்திராக் கரையில் கற்பூரத்திற்குப் புகழ்பெற்ற பாருஸ் துறைமுகம் இருந்தது. அங்கே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பொறித்துச் சென்றுள்ளனர். ஆகவே, நம் முன்னோருக்கும் இந்தக் கடல்வழி புதிதன்று.

கடலை விட்டு மலையேறிய ஊர்கள்

தெற்கு நியாஸின் பழைய ஊர்களைக் காண்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். தீவில் வாழும் மக்கள் கடலோரத்தில் அல்லவா குடியிருக்க வேண்டும்? இவர்களோ செங்குத்தான மலைகளின் மீது ஊர்களை எழுப்பினர். கல் பாவிய நீண்ட தெருவின் இருபுறமும் வீடுகள் வரிசையாக நிற்கும். ஊருக்குள் நுழையப் பல படிகள் ஏற வேண்டும். தெருவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரக் கற்சுவர் ஒன்று நிற்கும். அதனை இளைஞர்கள் ஓடிவந்து தாண்டுவார்கள். 1992ஆம் ஆண்டு வெளியான 1000 ரூபியா நோட்டில் இக்காட்சி இடம்பெற்றிருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் கைதட்டி மகிழும் இந்தக் கல்தாண்டல், எதிரியின் அரண் சுவரைத் தாண்டுவதற்கான போர்ப் பயிற்சியாக விளங்கியது என்பர்.

இத்தனை காவல் எதற்கு? ஊருக்கு ஊர் பகை இருந்தது. அதனினும் கொடியது அடிமை வணிகம். போரில் பிடிபட்டோரும் கடனில் சிக்கியோரும் விற்கப்பட்டனர். விற்றவர்களில் அத்தீவின் தலைவர்களும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாங்கியவர்கள் ஆச்சே வணிகரும் பிற நாட்டினரும் ஆவர். நியாஸ் மக்கள் பாடாங்கிற்கும் படாவியாவிற்கும் நம் பினாங்கிற்கும்கூட அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சிங்கப்பூர் வரலாற்றில் நாம் படிக்கும் ராஃபிள்ஸ், பெங்கூலுவில் ஆளுநராக இருந்தபோது இவ்வணிகத்தை ஒழிக்க எண்ணி, 1820இல் தம் அதிகாரிகளை நியாஸுக்கு அனுப்பினார். இலண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் மேலிடமோ அச்செயலைக் கண்டித்தது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுமத்திரா டச்சுக்காரர்களின் ஆதிக்க எல்லைக்குள் சென்றது.

கடலிலிருந்து வந்தவை ஆள்பிடிப்போரின் படகுகளும் அந்நியப் படைகளும். கரையோரத்துச் சதுப்பில் காத்திருந்தது கொசுக்காய்ச்சல். மலைமேல் குடியிருந்ததன் பொருள் இப்போது விளங்கும்.

1861: கோட்டையைக் கொண்டுபோன அலை

தெற்கு நியாஸில் லகுந்திரி என்னும் வளைகுடா உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச்சுக்காரர்கள் தெற்கு நியாஸை அடக்க இக்கரையில் கோட்டை கட்டினர். 1861ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையில் அக்கோட்டை அழிந்தது. 1863இல் டச்சுப் படை மீண்டும் வந்து ஓராஹிலி என்னும் ஊரை எரித்தது. வீடிழந்த மக்கள் பின்னர் மலைமீது எழுப்பிய ஊர்தான் இன்று பலரும் காணச் செல்லும் பாவோமாத்தாலுவோ. கதிரவன் மலை என்பது அப்பெயரின் பொருள். தெற்கு நியாஸ் முழுமையாக டச்சு ஆட்சிக்குள் வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

படை கொண்டு வந்தோர் கட்டிய கோட்டை கரையில் இருந்தது. அலை அதைக் கொண்டுபோயிற்று. மண்ணின் மக்களின் ஊர்கள் மலைமீது இருந்தன. இதை மாணவர்களிடம் எடுத்துக்கூறினாலே போதும், மறுவிளக்கம் தேவைப்படாது.

1975: மூன்று இளைஞர்கள்

அலைச்சறுக்கு ஹவாய் முதலிய பசிபிக் தீவு மக்களின் பழங்கலை. 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த டியூக் கஹனமோக்கு என்னும் ஹவாய் நீச்சல் வீரர் சிட்னிக் கடற்கரையில் அதைச் செய்து காட்டியபின், அந்நாட்டு இளைஞரிடையே அது பரவியது. அறுபது ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலிய இளைஞர்கள் இந்தோனேசியக் கரைகளில் அலை தேடி அலைந்தனர்.

1975இல் கெவின் லோவெட், ஜான் கீசல், பீட்டர் ட்ராய் ஆகிய மூவர் லகுந்திரியை அடைந்தனர். பவளப்பாறையின் விளிம்பில் வலப்புறமாகச் சுருண்டு நெடுந்தூரம் ஓடும் நேர்த்தியான அலையைக் கண்டனர். 1982இல் வெளிவந்த 'ஸ்டார்ம் ரைடர்ஸ்' என்னும் ஆவணப்படம் அவ்வலையை உலகெங்கும் காட்டியது. அதன்பின் லகுந்திரியின் பெயர் அலைச்சறுக்கு வீரர்களின் பட்டியலில் நிலைத்துவிட்டது.

இக்கதையின் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. அவ்வளைகுடாவின் கரை மலேரியா மிகுந்த இடம். லோவெட்டும் கீசலும் அந்நோய்க்கு ஆளாயினர். மீண்டும் மீண்டும் வந்த காய்ச்சலால் நலிந்த கீசல், ஒன்பது மாதங்களில் உயிர்நீத்தார். வயது இருபதுகளின் தொடக்கம். அலையின் அழகை அறிந்த அளவுக்கு, அக்கரையில் மக்கள் ஏன் நெருங்கிக் குடியிருக்கவில்லை என்பதை அந்த இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்குமா என்று நம்மால் கூற இயலாது. ஆயினும், மலைமேல் இருந்த ஊர்கள் அச்செய்தியைத் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தன.

நிலம் உயர்ந்த இரவு

26 டிசம்பர் 2004 அன்று எழுந்த ஆழிப்பேரலையை நாம் மறக்க இயலாது. பினாங்கு, கெடா கடற்கரைகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அது பறித்தது. நியாஸின் மேற்குக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஈரம் காயுமுன், 28 மார்ச் 2005 இரவு 11 மணியளவில், 8.6 அளவிலான நிலநடுக்கம் நியாஸையே உலுக்கியது. நியாஸிலும் அண்டைத் தீவுகளிலும் ஏறத்தாழ 1,300 பேர் உயிரிழந்தனர். குனுங்சித்தோலி நகரின் காங்கிரீட் கட்டடங்கள் பல சரிந்தன. மரபுவழி மர வீடுகளோ பெரும்பாலும் நிலைத்து நின்றன. அவற்றின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படுவதில்லை. கற்களின் மீது நிறுத்தப்படுகின்றன. நேர்த்தூண்களுடன் சாய்தூண்களும் தாங்குகின்றன. மரங்கள் ஆணியின்றி ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. நிலம் ஆடும்போது வீடும் சேர்ந்து ஆடி மீண்டும் நிலைகொள்கிறது.

அந்த இரவில் மேற்குக் கரையின் சில பகுதிகளில் நிலம் ஏறத்தாழ 3 மீட்டர் வரை உயர்ந்தது. பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து மடிந்தன. லகுந்திரியிலும் பாறை உயர்ந்தது. அதனால் அங்கு அலை முன்னைவிட வலுவாகச் சுருள்கிறது என்று அலைச்சறுக்கு வீரர்கள் மகிழ்ந்து எழுதினர். ஆயிரம் வீடுகளில் ஒப்பாரி எழுந்த அதே இரவுதான் அந்த அலையைச் செம்மைப்படுத்தியது. இதை எண்ணிப் பார்க்கும் எவரும் அந்த அலையின்மேல் சற்று அடக்கத்துடனே ஏறுவர்.

ஒரு சொல் காத்த தீவு

நியாஸுக்கு வடமேற்கே சிமெலுவே என்னும் தீவு உள்ளது. அங்கும் இப்போது அலைச்சறுக்குப் பயணிகள் செல்கின்றனர். 1907இல் அத்தீவை ஆழிப்பேரலை தாக்கிப் பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். நிலம் வலுவாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு என்று கதையிலும் பாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். 2004இல் அச்சொல்லைக் கேட்டதும் ஊரே மேடேறியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் உயிரிழந்தோர் எழுவர் மட்டுமே. எச்சரிக்கைக் கருவி எதுவும் அங்கு இல்லை. பாட்டிமார் சொன்ன கதைதான் இருந்தது. தாய்மொழியில் கதை சொல்வதனால் என்ன பயன் என்று நம்மிடம் வினவுவோருக்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

பயணத்தைத் திட்டமிடும்போது

இவ்வரலாற்றிலிருந்தே பயணத்திற்கான குறிப்புகளும் கிடைக்கின்றன. பிள்ளைகளுடன் அமர்ந்து இவற்றைப் பேசலாம்.

1. காலம்: மே முதல் செப்டம்பர் வரை தென்கடலின் குளிர்காலப் புயல்கள் பெரிய அலைகளை அனுப்புகின்றன. தேர்ந்தவர்க்கு உரிய பருவம் அது. புதிதாகப் பழகுவோர் அப்பருவத்தில் பாறைமேல் உடையும் அலைக்குச் செல்லலாகாது.

2. வழி: மேடானிலிருந்து குனுங்சித்தோலிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர விமானப் பயணம், சிபோல்காவிலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. அங்கிருந்து தெற்கே லகுந்திரிக்குச் சாலைவழி சில மணி நேரம் ஆகும். வந்து சேரும் நாளிலேயே கடலில் இறங்கத் திட்டமிட வேண்டாம்.

3. உடல்நலம்: மலேரியாத் தடுப்பு மருந்து குறித்துப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். கொசுவலை, பவளக் கீறலுக்கான மருந்து, மருத்துவக் காப்புறுதி ஆகியவை இன்றியமையாதவை. கடுமையான காயமென்றால் மேடான் வரை செல்ல நேரிடலாம். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும்.

4. மேடேறும் பாதை: தங்கும் இடத்தை அடைந்ததும் முதல் வேலையாக, மேட்டுக்குச் செல்லும் வழியை வீட்டாரிடம் கேட்டு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நிலம் நெடுநேரம் அதிர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் அவ்வழியே ஓட வேண்டும்.

5. மரியாதை: நியாஸ் மக்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குரிய நாள். ஊருக்குள் செல்லும்போது நீச்சல் உடை கூடாது. 'யாஹோவு' என்று வாழ்த்துக் கூறினால் முகம் மலரும். அலையில் உள்ளூர் இளைஞருக்கு முதலிடம் தர வேண்டும். அது அவர்களுடைய கடல். ஒரு நாளையேனும் மலையூர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு சிந்தனை

"லகுந்திரி அலை 1975இல் கண்டுபிடிக்கப்பட்டது" என்றே பல பயண நூல்கள் எழுதுகின்றன. அக்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்தோர் அந்த அலையைக் காணவில்லையா? கண்டனர், அஞ்சினர், மதித்தனர். பலகையில் ஏறி விளையாடவில்லை, அவ்வளவே. 'கண்டுபிடித்தார்' என்னும் சொல்லை மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் எதிர்கொள்ளும்போதெல்லாம், "யாருக்கு அது புதிது?" என்று கேட்கப் பழக்குவோம். ரப்பர்த் தோட்டங்கள் எழுவதற்கு முன் இந்நாடு வெறுங்காடாகக் கிடந்தது என்று சொல்லும்போதும் அதே கேள்வி எழ வேண்டும். அக்காடுகளிலும் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்ந்தனர்.

இன்று நியாஸ் இளைஞர்களே அந்த அலையில் தேர்ந்த வீரர்களாக விளங்குகின்றனர். மலையேறிய மக்களின் பேரப்பிள்ளைகள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் நம் பிள்ளைகள், அலை அட்டவணையோடு இவ்வரலாற்றையும் மனத்தில் சுமந்து செல்லட்டும். புறப்படும் முன் நியாஸின் கதையைப் பெற்றோருக்கு அவர்களே ஒருமுறை எடுத்துச் சொல்லட்டும். சொல்லத் தெரிந்த பிள்ளையை மனநிறைவோடு அனுப்பி வைக்கலாம்.