புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம்

புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம் என்பது 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஊர்ப்புறப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி (சைக்கிள்) ஓட்டக் கற்றுக்கொண்ட நிகழ்வைக் குறிக்கும். அறிவொளி இயக்கம் எனப்பட்ட முழு எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1991ஆம் ஆண்டில் இது தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினர் என்று இதழாளர் பாலகும்மி சாய்நாத் பதிவு செய்துள்ளார். எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் மிதிவண்டிக்கு இடம் கிடைத்ததற்கான காரணம் அம்மாவட்டத்தின் பாதைகளில் இருந்தது. பேருந்து செல்லாத மண் பாதைகளைக் கடந்தே கல்வி ஊர்களைச் சென்றடைய வேண்டியிருந்தது.

நில அமைப்பும் பாதைகளும்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. இவற்றுள் அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து வந்ததாகும். மாவட்டத்தின் வடமேற்கில் நார்த்தாமலை முதலிய பாறைக் குன்றுகள் உள்ளன. அங்கிருந்து நிலம் தென்கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கடற்கரையில் முடிகிறது. அறந்தாங்கி, குன்றுகளை விடக் கடற்கரைக்கு நெருக்கமாக, தட்டையான நிலத்தில் அமைந்துள்ளது. தெற்கு வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு முதலியன மாவட்டத்தின் ஆறுகள். இவை மழைக்காலத்தில் மட்டும் நீரோடுபவை. ஆகவே வேளாண்மை பெரும்பாலும் கண்மாய்களையும் குளங்களையும் நம்பியுள்ளது.

அறந்தாங்கியில் இருந்து புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, காரைக்குடி, ஆவுடையார்கோயில் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகளில் பேருந்துகள் உண்டு. ஆனால் சாலையை விட்டு விலகிய ஊர்களுக்குச் சரளைச் சாலை, வண்டித்தடம், கண்மாய்க்கரை, தைலமரக் காடுகளின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதை ஆகியவையே வழி. 1990களின் தொடக்கத்தில் இத்தகைய ஊர்களில் வாழ்ந்த பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்கோ சந்தைக்கோ நடந்தே சென்றனர். மிதிவண்டி உள்ள வீட்டிலும் அது ஆண்களின் பயன்பாட்டில் இருந்தது. அவசரத்துக்குத் தந்தை, கணவன், உடன்பிறந்தான் ஆகியோரில் ஒருவர் ஓட்ட, பெண்கள் பின்னால் அமர்ந்து செல்வதே வழக்கம்.

அறிவொளி இயக்கம்

இந்திய அரசு 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட பின்னர், மாவட்டம் முழுவதையும் ஒரே காலத்தில் எழுத்தறிவிக்கும் முறை பிற மாநிலங்களிலும் பின்பற்றப்பட்டது. தமிழ்நாட்டில் இது அறிவொளி இயக்கம் என்ற பெயரைப் பெற்றது. மாவட்ட நிருவாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட தன்னார்வலர்களும் இணைந்து இதனை நடத்தினர்.

புதுக்கோட்டையில் இத்திட்டம் 1991இல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது நடைபெற்றது. கற்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். பகலில் வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்த அவர்களுக்கு மாலையிலும் இரவிலுமே வகுப்புகளுக்கு நேரம் கிடைத்தது. கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர்கள் அந்த நேரத்தில் ஊர் விட்டு ஊர் சென்று திரும்புவது பெரும் இடராக இருந்தது. தொண்டர்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தரலாம் என்ற எண்ணம் இச்சிக்கலில் இருந்தே பிறந்தது. பின்னர் அப்பயிற்சி, கற்க வந்த பெண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் தெரிவதைப் போலவே, பிறர் துணையின்றி நடமாட முடிவதும் எழுத்தறிவின் கூறாகக் கொள்ளப்பட்டது.

பயிற்சி

பயிற்சிக்கெனத் தனி மைதானங்கள் தேவைப்படவில்லை. ஊர்ப் பொட்டல்களும் பள்ளித் திடல்களும் போதுமானவையாக இருந்தன. ஓட்டத் தெரிந்த பெண்கள் மற்றவர்களுக்குக் கற்றுத்தந்தனர். மிதிவண்டி கற்கப் பெண்களை அழைக்கும் பாடல்களும் இயக்கத்தவரால் இயற்றப்பட்டுக் கூட்டங்களில் பாடப்பட்டன. பெண்கள் மிதிவண்டி வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்க மாவட்ட நிருவாகம் ஏற்பாடு செய்தது.

தொடக்கத்தில் கேலியும் இழிசொல்லும் எழுந்தன. எனினும் அரசின் ஆதரவு இருந்தமையாலும், ஒருவர் இருவராக அன்றிக் கூட்டமாகவே பெண்கள் கற்றமையாலும் எதிர்ப்பு தளர்ந்தது. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளையொட்டிப் புதுக்கோட்டை நகரில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி மிதிவண்டி ஊர்வலம் சென்றனர். தனித்து ஓட்டிய ஒரு பெண்ணை எள்ளி நகையாடிய ஊர், ஆயிரக்கணக்கானோர் ஓட்டுவதைக் கண்டபின் அதனை இயல்பாக ஏற்றுக்கொண்டது எனலாம்.

பயன்படுத்தப்பட்ட வண்டிகள்

பெண்களுக்கான மிதிவண்டியில், இருக்கையையும் கைப்பிடித் தண்டையும் இணைக்கும் கிடைக்கம்பி இராது. புடவை அணிந்தோர் ஏறி இறங்க இது வசதியானது. ஆனால் இத்தகைய வண்டிகள் தேவைக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டில் மகளிர் மிதிவண்டி விற்பனை 350 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்ததாக உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் கூறியதைச் சாய்நாத் குறிப்பிடுகிறார். ஆகவே பெண்கள் பலர் ஆண்கள் ஓட்டும் கறுப்பு நிறக் கனவண்டியிலேயே கற்றனர். குழந்தையை அமரவைக்கக் கிடைக்கம்பி உதவியதால் சிலர் அதனையே விரும்பினர்.

இக்கனவண்டி மண் பாதைக்கு ஏற்றதாகும். இதன் சக்கர உறை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமுடையது. தற்காலத்தில் சரளைப் பாதைகளுக்கென வடிவமைக்கப்படும் விலையுயர்ந்த மிதிவண்டிகளின் உறைகளும் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரையே அகலம் கொண்டவை. அகன்ற உறை மணலில் புதைவதைக் குறைக்கிறது; கற்கள் தரும் அதிர்வையும் ஓரளவு தாங்குகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நீண்ட இடைவெளி வண்டி ஆடாமல் செல்ல உதவுகிறது. எடை மிகுதியும் பற்சக்கர மாற்றம் இன்மையும் இதன் குறைகள். மாவட்டத்தின் பெரும்பகுதி மேடு குறைந்த நிலமாதலால் இவை பெருந்தடையாக அமையவில்லை.

பயன்கள்

மணிக்கு ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் நடப்பவர் 8 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மண் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டியில் சென்றால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். போகவர இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. தண்ணீர் எடுத்தல், சமையல், குழந்தை வளர்ப்பு, கூலி வேலை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் செய்யவேண்டிய பெண்களுக்கு இந்நேரம் மிகவும் பெறுமதி வாய்ந்ததாகும்.

விளைபொருள் விற்கும் பெண்கள் பேருந்துக்குக் காத்திராமல் ஒரே நாளில் பல ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. குடங்களைச் சுமப்பதற்கும் குழந்தைகளைப் பள்ளியில் விடுவதற்கும் மிதிவண்டி பயன்பட்டது. அக்காலத்தில் மாவட்டத்தின் அரசுக் கல்குவாரிகள் பல, பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. குவாரித் தொழிலாளர் பலரும் வேலைக்கு மிதிவண்டியில் செல்லத் தொடங்கினர். வருவாயைக் காட்டிலும், எவரையும் எதிர்பாராமல் செல்ல முடிகிறது என்ற தன்னம்பிக்கையையே பெண்கள் முதன்மையான பயனாகக் கருதினர் என்று சாய்நாத் எழுதுகிறார்.

வரம்புகள்

ஓட்டத் தெரிவதும் வண்டி சொந்தமாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரே மிதிவண்டி உள்ள குடும்பத்தில் ஆண் வேலைக்கு எடுத்துச் சென்றபின் பெண்ணுக்கு வண்டி இல்லை. வேலைச் சுமை குடும்பத்துள் பகிரப்படாத நிலையில், மிச்சமான நேரத்தை வேறொரு வேலை நிரப்பவும் கூடும். மேலும், முழு எழுத்தறிவுத் திட்டங்கள் குறுகிய காலத்தில் முடிந்தபின், கற்றதைத் தொடர்ந்து பயன்படுத்த வாய்ப்பின்றி மறந்தோரும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் பெண்களின் எழுத்தறிவு 69 விழுக்காடாகவும் ஆண்களின் எழுத்தறிவு 85 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் இருந்தது. எழுத்தை மறந்தாலும் ஒருமுறை பழகிய மிதிவண்டி எளிதில் மறப்பதில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

பதிவுகளும் ஆய்வுகளும்

சாய்நாத்தின் கட்டுரை 1996இல் வெளியான அவரது வறட்சி குறித்த புகழ்பெற்ற நூலில் இடம்பெற்றது. அதன் இந்தி வடிவம் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இணைந்து எழுதிய புதுக்கோட்டை எழுத்தறிவுத் திட்டம் பற்றிய நூலும் 1996இல் வெளிவந்தது. நித்யா ராவ் 1999இல் இவ்வியக்கம் குறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

பிற்கால நிகழ்வுகள்

தமிழ்நாடு அரசு 2001-02ஆம் ஆண்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் அதனை விரிவுபடுத்தியது. பீகார் அரசு 2006இல் மாணவியருக்கான மிதிவண்டித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அத்திட்டத்தை ஆராய்ந்து கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் காட்டியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. தொலைவே தடை என்ற புதுக்கோட்டைப் பட்டறிவுடன் இம்முடிவு ஒத்துப்போகிறது.

இதற்கிடையே மேலை நாடுகளில் சரளைப் பாதை மிதிவண்டியோட்டம் ஒரு விளையாட்டாக வளர்ந்தது. அமெரிக்காவின் கன்சாசு மாநிலத்தில் உள்ள எம்போரியா நகரில் 2006இல் தொடங்கிய நெடுந்தொலைவுப் போட்டி இவற்றுள் பெயர் பெற்றது. இவ்விளையாட்டின் முதல் உலக வாகையர் போட்டி 2022இல் இத்தாலியில் நடைபெற்றது. காடு, குன்று, ஆற்றுப்படுகை வழியே செல்லும் மண் பாதைகளை அவ்விளையாட்டினர் விரும்பித் தேடிச் செல்கின்றனர். அத்தகைய பாதைகளைத் தவிர வேறு வழியில்லாத புதுக்கோட்டைப் பெண்கள், அதற்கு முன்பே அவற்றில் மிதிவண்டி ஓட்டப் பழகியிருந்தனர்.