குழாய்ச் சுவரின் கதை

ரத்தக் கொதிப்பு என்று சொல்கிறோம். எவ்வளவு பொருத்தமில்லாத பெயர்! ரத்தம் கொதிப்பதே இல்லை. அது பாட்டுக்கு எப்போதும் போலத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவஸ்தைப்படுவதெல்லாம் அது ஓடுகிற குழாயின் சுவர். அந்தச் சுவரைப் பற்றி நம்மில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கதாநாயகனைப் பார்க்கிறவர்கள் கொட்டகையைத் தாங்கும் மூங்கிலையா பார்ப்பார்கள்? கதை எழுதுகிறவனான எனக்கு மூங்கிலின் கதைதான் சுவாரஸ்யமாகப் படுகிறது.

தமனி என்பது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் போல உயிரற்ற வஸ்து அல்ல. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே வழவழப்பான மெல்லிய படலம். நடுவில் சுருங்கி விரியும் தசையும் ரப்பரைப் போன்ற நாரும். வெளியே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் நார்ப் போர்வை. எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்வது பெரும்பாலும் சிறு தமனிகளின் நடு அடுக்குத்தான்.

1836-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்டு பிரைட் என்ற வைத்தியர் ஒரு விசித்திரத்தைக் கவனித்துச் சொன்னார். சிறுநீரகம் சுருங்கி இறந்தவர்கள் பலருக்கு இதயம் பருத்திருந்தது. கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கும் கருவி அப்போது கிடையாது. இத்தாலியரான ரிவா-ரோச்சி அதைச் செய்தது 1896-ல்தான். ஆகையால் இறந்தவர்களின் தமனிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தார்கள். சண்டையும் அங்கேதான் மூண்டது.

சிறு தமனிகளின் தசை பருத்திருக்கிறது என்று 1868-ல் ஜார்ஜ் ஜான்ஸன் எழுதினார். கெட்டுப்போன ரத்தம் உள்ளே வராதபடி தமனிகள் குழாயைத் திருகி மூடுவதுபோல் இறுகிக்கொள்கின்றனவாம். ஓயாமல் வேலை செய்த கொல்லன் கைபோல் அந்தத் தசை பருத்துவிடுகிறதாம். 1872-ல் வில்லியம் கல், ஹென்றி ஸட்டன் என்ற இருவர் இதை மறுத்தார்கள். தசையாவது, பருப்பதாவது! அது வெறும் நார் படிந்த நோய் என்றார்கள். இரு கட்சியும் விட்டுக் கொடுக்கவில்லை. இன்று பார்த்தால், இரு கட்சியும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கண்டிருந்தது தெரிகிறது.

அழுத்தம் ஏறினால் சுவர் தடிப்பது ஒரு தற்காப்பு. வெள்ளம் ஏறினால் கரையை உயர்த்துகிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் சிறு தமனியில் சுவர் உள்பக்கமாகத் தடிப்பதால் பாதை குறுகுகிறது. பாதை குறுகினால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. காப்பாற்ற வந்ததே கழுத்தை நெரிக்கிறது.

சுவரைத் தடிக்கச் செய்வது அழுத்தம் மட்டும்தானா? 1898-ல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட் என்பவர், பெர்க்மன் என்ற உதவியாளருடன், முயலின் சிறுநீரகத்தை அரைத்த சாற்றை வேறு முயல்களின் ரத்தத்தில் செலுத்தினார். அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார். உலகம் அதைப் பெரும்பாலும் மறந்துபோயிற்று. 1934-ல் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி அழுத்தத்தை ஏற்றிக் காட்டிய பிறகுதான் ரெனினுக்கு யோகம் பிறந்தது. அது ரத்தத்தில் உண்டாக்கும் ஹார்மோனை 1940 வாக்கில் அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்தன. 1958-ல் சமாதானமாகி, இரண்டு பெயரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டி ஆஞ்சியோடென்சின் என்றாக்கினார்கள். சம்பந்திச் சண்டைகூட இத்தனை அழகாக முடிந்ததில்லை!

இதற்கிடையில் ஒரு பெரிய மனிதர் போய்விட்டார். 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 186-க்கு 108. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், இதயத்துக்கு டிஜிடாலிஸ் கொடுத்தார்கள். வேறு நல்ல மருந்து கிடையாது. மேலும், குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் அவசியம் என்று நம்பிய வைத்தியர்கள் அந்தக் காலத்தில் பலர். 1945 ஏப்ரல் 12-ந் தேதி, படம் வரைவதற்காக உட்கார்ந்திருந்தவர் தலைவலி என்றார், மயங்கிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300-க்கு 190. மூளையில் ரத்தக் கசிவு. வயது 63.

ஆஞ்சியோடென்சின் தமனியைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. சுவரின் தசையை வளரவும் தூண்டுகிறது. அதன் ஏவலில் சுரக்கும் ஆல்டோஸ்டெரோன் என்ற ஹார்மோனை 1953-ல் பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் உப்பைத் தேக்கி வைப்பதுடன் சுவரில் நாரையும் கூட்டுகிறது. ஜான்ஸன் கண்ட தசையும் கல் கண்ட நாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம்!

இந்த ஹார்மோனைத் தடுக்கும் வழியைப் பிரேசில் நாட்டு ஜரராக்கா பாம்பின் விஷம் காட்டியது. அதிலிருந்து பிறந்த யோசனையால் உருவான காப்டோப்ரில் மருந்து 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1994-ல் மான்ட்ரியாலில் ஷிஃப்ரின் குழுவினர் ஒரு பரீட்சை செய்தார்கள். நோயாளிகளில் சிலருக்கு இதே இனத்து மருந்து. மற்றவர்களுக்கு இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து. இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது. ஆனால் தோலுக்கடியிலிருந்து எடுத்துப் பார்த்த சிறு தமனிகளில், ஹார்மோனைத் தடுத்தவர்களின் சுவர்தான் பழைய நிலையை நோக்கித் திரும்பியிருந்தது.

சுவர் தடிக்கும்போது வலிப்பதில்லை. திரும்பும்போதும் நமக்குத் தெரிவதில்லை. ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இன்றைக்கு மாத்திரை எதற்கு?’ என்று கேட்கிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவரிடம் உபதேசம் எடுபடாது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை என்று சொல்லிக் கையில் கொடுத்துப் பாருங்கள்.