யூஸ்நெட் என்னும் பொதுமன்றம்: தோற்றமும் தேய்வும்

மன்றம் என்பது தமிழர்க்குப் பழகிய சொல். ஊர் நடுவே மரநிழலில் கூடி வழக்குரைத்த இடம் அது. அது தனியொருவர் உடைமையன்று. ஊரார் அனைவர்க்கும் பொது. கணினி உலகிலும் அத்தகைய மன்றம் ஒன்று செழித்திருந்தது. அதன் பெயர் யூஸ்நெட். அது வளர்ந்த வகையையும் தேய்ந்த வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களாகிய டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர் இதற்கு வித்திட்டனர். அந்நாளில் அர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பு இருந்தது. ஆயினும் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சியில் தொடர்புடையோர்க்கே அதில் பெரும்பாலும் இடம் கிடைத்தது. இடம் பெறாதோர் தமக்கென ஒரு வழி கண்டனர். அருகிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் மன்றம் நடைபெறத் தொடங்கிற்று.

அது இயங்கிய முறை எளியது. ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசி வழியே, பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு வேளையில், அழைக்கும். தன்னிடமுள்ள புதிய செய்திகளைக் கொடுக்கும், அங்குள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். இவ்வாறு கைமாறிக் கைமாறி, ஒருவர் எழுதியது சில நாள்களில் தொலைவிலுள்ள ஊர்களையும் சென்றடையும். தலைமை நிலையமும் இல்லை, உரிமையாளரும் இல்லை.

அறிவியல், கலை, பொழுதுபோக்கு எனப் பொருள்தோறும் செய்திக்குழுக்கள் பெருகின. 1991 ஆகஸ்டு 6ஆம் நாள் டிம் பெர்னர்ஸ்-லீ தம் வையவிரிவலையைப் பற்றி எழுதியதும், அதே மாதம் 25ஆம் நாள் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்னர் லினக்ஸ் எனப் பெயர்பெற்ற தம் முயற்சியை அறிவித்ததும் இம்மன்றத்தில்தான். சிங்கப்பூர், மலேசியப் பண்பாடுகளுக்கும் தமிழ்ப் பண்பாட்டுக்கும் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. தமிழ் எழுத்து கணினித் திரையில் எளிதில் தோன்றாத காலமாதலின், ஆங்கில எழுத்துகளாலேயே தமிழை எழுதியோர் பலர்.

மன்றத்திற்கெனச் சில ஒழுக்கங்களும் இருந்தன. புதியவர் முதலில் படித்துப் பழக வேண்டும். பின்னரே எழுத வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில் பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவர்கள் சில வாரங்களில் இவற்றைக் கற்றுக்கொள்வர். 1993 முதல் வணிக நிறுவனங்களின் வாடிக்கையாளர் திரள்திரளாக உள்ளே வந்தனர். கற்பிப்போர் சிலர், வருவோரோ எண்ணிலர். அக்காலத்தை ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்று பழையவர்கள் அழைக்கலாயினர். 1994 ஏப்ரலில் வழக்கறிஞர் இருவர் ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் பரப்பினர். அதன்பின் விளம்பரக் குப்பை பெருகிற்று. உரிமையாளர் இல்லாமை மன்றத்தின் பெருமை. காவலர் இல்லாமையோ அதன் குறை. படங்களும் எளிய வசதிகளும் கொண்ட வலைத்தளங்கள் வரவே, மக்கள் அவற்றை நாடினர். 2010 மே மாதத்தில், அது பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் சேவையை நிறுத்திவிட்டது.

அங்குப் பேசப்பட்டவை என்னவாயின? பெரும்பாலான நிலையங்கள் பழைய செய்திகளைச் சில வாரங்களில் அழித்துவிடும். வட்டில் இடம் அவ்வளவு அருமையாக இருந்தது. ஆனால் டொரோண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிப் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் பத்தாண்டுகள் அவற்றைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார். அந்த 141 நாடாக்களில் ஏறத்தாழ 20 இலட்சம் செய்திகள் இருந்தன. 2001இல் கூகுள் நிறுவனம் அவற்றைத் தன் தொகுப்பில் சேர்த்தது. அத்தொகுப்பில் 1980ஆம் ஆண்டின் பேச்சு இல்லை.

இன்று நாம் பேசும் மன்றங்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் உடைமை. தமிழர் பலர் இலக்கியம் பேசிய குழுக்களைக் கொண்டிருந்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. அங்கே சேர்ந்திருந்த பழைய மடல்கள் அதற்கு முன்பே நீக்கப்பட்டன. படியெடுத்து வைத்தோரிடம் மட்டுமே அவை எஞ்சின. ஏடு தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரால் பழந்தமிழ் நூல்கள் பல பிழைத்ததை நாம் அறிவோம். ஆனால், ஏட்டைக் கரையான் அரிக்கப் பல ஆண்டுகள் ஆகும். கணினிப் பேச்சு ஒரே நாளில் மறையும். ஆதலின் நம் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் தம் உரையாடல்களை இன்றே படியெடுத்து வைத்தல் வேண்டும். பேசுவோர் பலராயினும், பேணுவோர் ஒருவரேனும் இருந்தால்தான் பேச்சு வரலாறாகும்.