கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நாயா? பனிக்காலத்தில் 'வாக்கிங்' கிளம்பும் முன் இதைப் படிங்க!

மாகறல்:

மார்கழி பிறந்து விட்டால் காஞ்சீபுரம்-உத்திரமேரூர் சாலையில் விடியற்காலை பனி இறங்க ஆரம்பித்து விடும். காஞ்சீபுரத்தில் இருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் சேயாற்றங்கரையில் இருக்கும் மாகறலில், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோவில் பக்கம் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் கூட தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

ஆனால் வீட்டில் வளரும் நாய்க்கு மார்கழியாவது, தையாவது! மணி 5 அடித்தால் கதவைப் பிராண்ட ஆரம்பித்து விடும். வெளியே கூட்டிப்போயே ஆக வேண்டும். அதே வீட்டில் பிறந்து ஒரு மாதம் கூட ஆகாத குழந்தை இருந்தால் என்ன செய்வது? நாயை யார் கூட்டிப்போவது? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போகலாமா?

"பச்ச உடம்புக்காரி பனியில நிக்காதே" என்று பாட்டி ஒரு பக்கம். "நாயைக் கொண்டு போய் எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்று சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். இதில் எது சரி, எது தப்பு? தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

பச்சைக் குழந்தைக்குக் குளிர் ஏன் ஆகாது?

குளிர் அடித்தால் பெரியவர்களுக்கு உடம்பு நடுங்கும். அந்த நடுக்கமே உடம்பில் சூட்டை உண்டாக்கி விடும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. முதுகு, கழுத்து பக்கம் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டை உண்டாக்கிக் கொள்கிறது. எடை குறைவாகவோ, மாதம் நிறையாமலோ பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. உடம்பு எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். தலையும் பெரிசு. அதனால் சூடு சீக்கிரம் வெளியேறி விடும்.

பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு 36.5 டிகிரி முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 36.5-க்குக் கீழே போனாலே அது குளிர்ந்த உடம்பு. நம்ம ஊரில் பனியே கொட்டுவதில்லையே, 20 டிகிரிதானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. ஈரத்துணி, பனிக்காற்று, மூடாத தலை, இந்த மூன்றும் சேர்ந்தால் 20 டிகிரியே பச்சைக் குழந்தைக்கு ஆபத்துதான்.

வயிறு சூடாக இருந்து உள்ளங்கால் சில்லென்று இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்து விட்டது என்று அர்த்தம். வயிறும் சில்லிட்டு, குழந்தை சோர்ந்து, பால் குடிக்க மறுத்தால் ஒரு நிமிடம் கூட தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட அணைத்து, மேலே துணி போர்த்திக்கொள்ள வேண்டும். "கங்காரு" முறை என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் 1970-களின் கடைசியில் தொடங்கிய இந்த முறை இன்று உலகம் முழுவதும் இருக்கிறது.

வெளிநாட்டில் மட்டும் எப்படி?

பின்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் உறைபனிக் காலத்திலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வாசலில் தூங்க வைப்பார்கள். "அங்கே முடியும்போது இங்கே முடியாதா?" என்று கேட்கலாம். அங்கே அதற்கென்றே கம்பளி உடுப்பு, காற்று புகாத வண்டி, பரம்பரையாக வந்த பழக்கம் எல்லாம் உண்டு. நம்ம வீட்டில் இருப்பது மெல்லிய பருத்திச் சட்டையும் ஒரு துண்டும்தான்.

அதே பின்லாந்தில் 397 குழந்தைகளைக் கவனித்து 2012-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று நாய் பிரியர்களுக்கு நல்ல சேதி. நாய் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் சளித்தொல்லை, காதுவலி குறைவாக இருந்தது அதில் தெரிய வந்தது. ஆகவே "நாய் இருந்தாலே குழந்தைக்கு நோய்" என்று சொல்லி நாயை விரட்ட வேண்டியதில்லை.

நாயைக் கூட்டிப்போவது யார்?

முதல் 6 வாரம் இந்த வேலையைத் தாய் செய்யக்கூடாது. சிசேரியன் ஆனவர் கண்டிப்பாகச் செய்யக்கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாய்கள் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் ஆண்களே தடுமாறுவார்கள். தையல் போட்ட வயிறு தாங்குமா? வீட்டுக்காரர், மாமனார், தம்பி என்று யாராவது ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து விட வேண்டும். குழந்தை வந்த அன்றுதான் ஆளும் நேரமும் மாறியது என்றால் நாய் குழம்பிப் போகும்.

தாய் வீட்டில் பிரசவம் முடிந்து 3-ம் மாதமோ, 5-ம் மாதமோ புருஷன் வீட்டுக்கு வரும் வழக்கம் நம்ம பக்கம் உண்டு. அப்படி வரும்போது அங்கிருக்கும் நாய்க்குக் குழந்தை புது ஆள். இரண்டு நாள் முன்பே குழந்தை போர்த்திய துணி ஒன்றைக் கொண்டு வந்து மோந்து பார்க்க விடலாம். குழந்தை வரும் அன்று நாயை நன்றாக நடக்க வைத்துக் களைப்பாக்கி, கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் இருந்து காட்ட வேண்டும். அமைதியாக இருந்தால் ஒரு பிஸ்கட். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் குழந்தையையும் நாயையும் தனியாக ஒரே அறையில் விடக்கூடாது. தறி ஓடும் வீடுகளில் குழித்தறிக்குப் பக்கத்திலேயே தூளி தொங்கும். தறிக்காலில் நாய் படுத்திருக்கும். நெய்கிறவர் கண் பாவிலும் ஊடையிலும்தான் இருக்கும். நாயைத் திண்ணைக்கு மாற்றி விடுவதே நல்லது.

குழந்தையோடு போக வேண்டிய கட்டாயமா?

தனிக்குடித்தனம், வேறு ஆளே இல்லை என்றால் கவனிக்க வேண்டியவை:-

விடியற்காலையை விட்டு விடுங்கள். வெயில் ஏறி 8 மணி வாக்கில், அல்லது மாலை 4 மணிக்கு 10, 15 நிமிடம் போதும். விடியற்காலையில் நாயை வாசலில் சிறுநீர் கழிக்க விட்டு உள்ளே அழைத்து விடலாம்.

நீங்கள் போடுவதை விட குழந்தைக்கு ஒரு துணி மட்டும் கூடுதலாகப் போடுங்கள். குல்லா, காலுறை அவசியம். வீட்டுக்குள் வந்ததும் கூடுதல் துணியையும் குல்லாவையும் எடுத்து விட வேண்டும். அதிகச் சூடும் ஆபத்துதான்.

மார்பில் கட்டிக்கொள்ளும் பை என்றால் குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய் மார்பில் இடிக்கக் கூடாது. இடித்தால் மூச்சு அடைபடும். பனி படுகிறதே என்று முகத்தில் துணி போடவே கூடாது.

நாய்க் கயிற்றைத் தள்ளுவண்டியிலோ, மணிக்கட்டிலோ கட்டாதீர்கள். நாய் இழுத்தால் குழந்தையும் சேர்ந்து விழும். கயிறு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இழுக்கிற பழக்கம் உள்ள நாய் என்றால் குழந்தையோடு கூட்டிப்போகவே கூடாது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் காலை நேரம் தெருவிலேயே பாவு நீட்டியிருப்பார்கள். நாய் அதில் பாய்ந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு போய் விடும். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதுதான் மரியாதை.

போகி அன்று புகை, கார்த்திகைக்கு வெடி. இந்த நாட்களில் குழந்தை, நாய் இரண்டுமே வீட்டுக்குள் இருக்கட்டும்.

தெருநாய் விஷயத்தில் உஷார்!

'மார்கழி மாசத்து நாய்' என்று நம்ம ஊரில் சும்மா சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வரை தெருநாய்கள் இணை தேடிக் கூட்டமாகத் திரியும். குட்டி போட்ட தாய் நாய் யாரையும் கிட்டே சேர்க்காது. நீங்கள் தனியாகப் போனால் சும்மா இருக்கும் தெருநாய் கூட, இன்னொரு நாயைக் கூட்டிக்கொண்டு போனால் பாய்ந்து வரும். கையில் குழந்தை இருக்கும்போது இரண்டு நாய்கள் காலடியில் சண்டை போட்டால் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே கூட்டம் இருக்கும் தெருவைத் தவிர்க்க வேண்டும். எதிரே வந்து விட்டால் ஓடக்கூடாது. நின்று, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். சமாளிக்கவே முடியாவிட்டால் உங்கள் நாயின் கயிற்றை விட்டு விடுங்கள். முதலில் குழந்தை. நாய் தன்னைப் பார்த்துக் கொள்ளும்.

வீட்டு நாயை வைத்திருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. சென்னை ஆயிரம் விளக்கு பகுதி பூங்காவில் 2024-ம் ஆண்டு மே மாதம் 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் மறந்திருக்காது. அவை தெருநாய்கள் அல்ல, வளர்ப்பு நாய்கள்.

கடித்து விட்டால், பிராண்டி விட்டால்...

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் வந்து விட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் வருமுன் முழுமையாகத் தடுத்து விடலாம். கடித்த இடத்தை உடனே சோப்பு போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. கட்டும் போடக்கூடாது. நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, காஞ்சீபுரம் அரசு தலைமை ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்.

தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதில் இருந்து 3, 7, 28-வது நாள் என 4 தடவை. சதையில் போடும் ஊசி என்றால் 14-வது நாளையும் சேர்த்து 5 தடவை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயமெல்லாம் பழைய கதை. அந்த மருந்தையே இந்தியாவில் கைவிட்டு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. ரத்தம் வரும்படி கடித்திருந்தால், பிராண்டியிருந்தால், புண்ணில் நக்கியிருந்தால் காயத்தைச் சுற்றி 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தும் போட வேண்டும். இதைக் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு இந்த ஊசி போடலாமா என்று தயங்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கும் போடலாம், பால் கொடுக்கும் தாய்க்கும் போடலாம். "நம்ம வீட்டு நாய்தானே, நகம்தானே பட்டது" என்று விடுவதுதான் உயிருக்கு ஆபத்து.

நாய்க்குச் செய்ய வேண்டியது

குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநாய் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. 3 மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை. மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும் என்பதால் அதற்கான தடுப்பூசியும் வேண்டும். வாக்கிங் முடிந்து வந்ததும் நாயின் காலைக் கழுவித் துடைத்து, காது, விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

பனிக்காலம் என்று குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணி புகை போடுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 3 மாதம் ஆகாத குழந்தைக்குச் சூடு 38 டிகிரியைத் தொட்டால் கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆற்றங்கரையில் விட்டு விடாதீர்கள்

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வீட்டு நாயை வண்டியில் ஏற்றிப் போய் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கி விட்டு வருபவர்கள் உண்டு. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினியால் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள். சோறு வைத்த கையைத் தேடி அலையும் நாய்தான் நாளைக்கு இன்னொரு வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். பைரவர் வாகனம் என்று கோவிலில் கும்பிடுகிறோமே, அதுவும் நாய்தானே?

வைத்துப் பார்க்கவே முடியாது என்றால் தெரிந்தவர்கள் வீட்டில், தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுத்து விடலாம்.

அவசரத்துக்கு: குழந்தைக்கும் தாய்க்கும் ஆம்புலன்சு வேண்டும் என்றால் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. மூன்று நம்பரையும் தூளிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். நாளைக்காலை நாய் கதவைப் பிராண்டும்போது அவசரப்படாதீர்கள். வெயில் வரட்டும்.