எதிர்வீரசிங்கம் தாண்டிய உயரம்

ஆடுகளமும் ஆய்வறிவும் ஒருவரிடத்தில் சேர்வதை மேலைநாட்டு விந்தையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். உலகத்தார் கால்களுக்குக் காலணி தைத்தனுப்பும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தவர்களாகிய நாம்கூடத் தமிழர் ஒருவரின் கால்களை மறந்தே போனோம்.

யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டினார், 1956இல் மெல்பர்னில். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டுதான்.

1958 மே 24 அன்று டோக்கியோவில் ஆசிய விளையாட்டுகள் தொடங்கின. அங்கே 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு அதன் முதல் ஆசியத் தங்கத்தை அவர் பெற்றுத் தந்தார். அதே நாட்களில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மே 27இல் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. தம் மக்களைக் காக்கத் தவறிய நாட்டின் பெயரைச் சட்டையில் தாங்கியே அவர் ஓடிவந்து எழும்பினார் என்பதைப் பதக்கப் பட்டியல்கள் சொல்வதில்லை. (நம் இலக்கிய வரலாறுகளும்தான்.)

1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. அமெரிக்காவில் வேளாண்மை பயின்றவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் ஆசிரியப் பணி. முதுமையில் ஈழத்தின் வடகிழக்குக்குத் திரும்பத் திரும்ப வந்து, போரில் சிதைந்த பள்ளிகளின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் உழைத்தார்.