தோட்டத்தில் பிறந்த நாதம்

றொக் இசைத்தட்டுகளில் மிக அழகிய கிற்றார் ஒலி எது என்று நம் மாணவர் இருவர் ஒருநாள் கண்டி வாவிக் கரையிலே வாதிட்டுக்கொண்டிருந்தனர். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவில் ஜிமி ஹென்ரிக்ஸ் தம் நாட்டுத் தேசிய கீதத்தை மின்கிற்றாரில் வாசித்தபோது, அதனிடையே குண்டு வீழும் ஓசையையும் அபாயச் சங்கின் அலறலையும் எழுப்பி, வியட்னாம் போரை நினைவூட்டினாரே, அதுவே தலையாயது என்றான் ஒருவன். 1968இல் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தனித்து அமர்ந்து பதிவு செய்த ‘பிளாக்பேர்ட்’ பாடலின் மரக்கிற்றார் ஒலியே உயர்ந்தது, அவர் காலால் தாளமிடும் ஒலிகூட அதிலே கேட்கிறதே என்றான் மற்றவன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் மேனாட்டுக் கூச்சல்” என்று ஒரே சொல்லில் வழக்கைத் தீர்த்துவிட்டு எழுந்து போனார்.

அம் மூவருக்கும் விடை கூறுமுன், அவ்வழகு எங்கே, எத்தகையோர் கையில் பிறந்தது என்று வினவுவது வரலாற்றை நேசிப்போர் கடனாகும். வினவினால் வியப்பான ஒன்று புலப்படும். அந்த நாதத்தின் ஊற்றுகளுள் முதன்மையானது ஒரு தோட்டம். கூலியாட்கள் குடியிருந்த தோட்டம்.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். மரக்கிற்றாரின் தந்தி அதிரும்போது அதன் மேற்பலகை அதிர்கிறது. பெட்டியுள் நிறைந்த காற்றும் உடன் அதிர்கிறது. நம் வீணையின் குடம் ஆற்றும் பணியும் இதுவே. மின்கிற்றாரிலோ உருக்குத் தந்தியின் கீழே காந்தமும், அதைச் சூழச் செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரச் சுருளிலே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதனை ஒலிபெருக்கி பன்மடங்காக்கும். 1930களில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த இக்கருவியின் நோக்கம் ஒன்றே. பெரிய வாத்தியக் குழுக்களின் முழக்கத்தினிடையே கிற்றாரும் காதில் விழவேண்டும் என்பதே அது.

ஒலிபெருக்கியை அதன் ஆற்றலுக்கு மேல் இயக்கினால் ஒலியலையின் முடிகள் வெட்டுண்டு, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் வந்து சேரும். பொறியியலார் அதனைப் பிழை என்றனர். கலைஞரோ அதிலே புதியதோர் அழகைக் கண்டனர். 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்னும் இலண்டன் இளைஞர் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகாற் கீறிக் கரகரத்த ஒலியை வருவித்தார். உலகம் அதனை விரும்பிக் கேட்டது. கிழிந்த கருவியும் பேசும் என்பதற்கு இது சான்று.

காயப்பட்ட கையும் பேசும். 1965இல் பேர்மிங்ஹாம் நகரின் உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 17 வயது இளைஞர் ரொனி அயோமி. அவருடைய வலக்கையின் இரு விரல்நுனிகளை எந்திரம் பறித்துக்கொண்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்குக் கவசம் செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் தாழ்த்தினார். 1970இல் பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது கேட்டோர் மெய்சிலிர்த்த அந்தக் கனத்த நாதம், தொழிற்சாலை அறுத்த கையிலிருந்து வந்தது.

ஆனால் இவர்கள் யாவர்க்கும் மூத்தவர் ஒருவர் உளர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்ரோவல் என்னும் பருத்தித் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே உழைத்த கறுப்பினத் தொழிலாளி மடி வோட்டர்ஸ். 1941 ஓகஸ்டில் அலன் லோமக்ஸ், ஜோன் வேர்க் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில், கனத்த ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் குடிசைக்கு வந்தனர். அவர் பாட, மரக்கிற்றார் ஒலிக்க, தட்டு சுழன்றது. தம் குரலைத் தாமே கேட்டபோதுதான், தாமும் பாடவல்லவர் என்னும் நம்பிக்கை பிறந்ததாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார்.

1943இல் கூலியை மணிக்கு 25 சதமாக உயர்த்துமாறு அவர் கேட்டார். தோட்டத்து மேற்பார்வையாளன் மறுத்தான். அவர் சிக்காகோவுக்கு இரயிலேறினார். நகரத்துக் குடிமனைகளின் இரைச்சலில் மரக்கிற்றார் எடுபடவில்லை. எனவே மின்கிற்றாரைக் கைக்கொண்டார். 1948இல் அந்நகரிற் பதிவான அவருடைய இசைத்தட்டு பரபரப்பாக விற்றது. 1950இல் அவர் பாடிய பாடலொன்றின் பெயரையே இலண்டன் இளைஞர் சிலர் 1962இல் தம் குழுவுக்குச் சூட்டினர். ரோலிங் ஸ்ரோன்ஸ் என்று உலகம் கொண்டாடும் குழு அது. பெரியவர் மேனாட்டுக் கூச்சல் என்றாரே, அது உண்மையில் மேனாட்டுத் தோட்டக்கூலியின் குரல்.

இதை எழுதும்போது நம் கண்கள் தாமாகவே அந்தானை மலையை நோக்குகின்றன. அந்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தோட்டங்களில் வியர்வை சிந்திய இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். அங்கே ஒரு தோட்டத் தொழிலாளியின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கிய ஆண்டு, இங்கே தோட்டத் தொழிலாளியின் குரல்வளை நெரிக்கப்பட்ட ஆண்டு. அங்கும் நிறவெறி தணிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். எனினும் அங்கே குடிசை வாயிலுக்கு ஒரு கருவி போயிற்று.

கருவி நமக்கு எட்டாத ஒன்றாகவும் இருக்கவில்லை. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைத்தார். அப்படையினருக்காக எழுந்த வானொலி நிலையத்தின் வலிமை மிக்க பரப்புக் கருவிகள் போருக்குப் பின் இலங்கை வானொலியைச் சேர்ந்தன. அதன் வழியே மேனாட்டு இசைத்தட்டுகள் மலைமுகடுகளுக்கும் வந்தன. 1943இல் அப்புத்தளையிற் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன, 1960களின் நடுவில் மூன்ஸ்ரோன்ஸ் குழுவினருடன் மின்கிற்றாரைச் சிங்களப் பாடலுக்கு உரிய கருவியாக்கினார். 1996இல் அவர் மறையும்வரை அந்த இனிய நாதம் ஓயவில்லை. தமிழிலே நித்தி கனகரத்தினம் போன்றோர் கிற்றாரை ஏந்திப் பொப் பாடல்களைப் பாமரர் நாவிலும் நடமாடவிட்டனர். தேயிலை மலையிற் பிறந்த கிற்றார் நாதம் நமக்குப் புதிதன்று. ஆனால் அம்மலையில் தேயிலை கிள்ளிய கைகளின் தாளம் எந்தத் தட்டிலே சுழன்றது?

விடிகாலைப் பெரட்டுக்கு அழைத்த தப்பின் ஒலி, காமன் கூத்தின் பாட்டு, லயக் காம்பிராவில் தாய் பாடிய தாலாட்டு, கணவனை இழந்தவள் சொன்ன ஒப்பாரி ஆகிய இவற்றின் சொற்களைத் தேடி எழுதிவைத்த பெருமை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைச் சாரும். 1984இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்நூல் நமக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆயினும் ஏடு சொல்லைக் காக்கும். குரலின் நடுக்கத்தைக் காக்காது. மக்கார்ட்னியின் கால் தட்டிய ஓசையை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் மாணவன் கேட்கிறான். அவனுடைய பூட்டி பாடியபோது அவள் காலில் ஒலித்த தண்டையை அவன் கேட்க வழியுண்டோ?

அந்தானையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அரும்பொருளகமாக விளங்குகின்றது. கொழுந்தை உருட்டிய எந்திரங்கள் அங்கே துடைத்து வைக்கப்பட்டுள்ளன. எந்திரத்தைக் காத்தது நன்று. அந்த எந்திரத்துக்குக் கொழுந்து சுமந்தோரின் பாட்டையும் அவ்வாறே காக்கவேண்டாமா?

மாணவர் இருவரையும் மறுநாள் அழைத்து இதனைக் கூறினோம். மிக அழகிய ஒலி எது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஹென்ரிக்ஸின் அலறலும் மக்கார்ட்னியின் மென்மையும் நமக்கு உவப்பானவையே. ஒன்றை மட்டுமே கேட்டோம். அன்று வண்டியிலே சுமந்து திரிந்த கருவி இன்று அவர்கள் சட்டைப்பையிலே கைத்தொலைபேசியாகக் கிடக்கின்றது. விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போகும்போது, பாடத் தெரிந்த முதியவளின் முன்னே அதனை வைத்து, அவள் சம்மதம் பெற்று, அவள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்துப் பதிவு செய்யட்டும். பதிவு முடிந்ததும் அதனை முதலில் அவளுக்கே கேட்கச் செய்யட்டும். தன் குரலைத் தானே கேட்ட ஒருவர் முன்போல் இருப்பதில்லை என்பதை ஸ்ரோவல் தோட்டம் நமக்குக் காட்டியிருக்கிறது.